அச்சடிப்பது எளிது, கொண்டு சேர்ப்பதுதான் பாடு: காவிரி டெல்டாவும் சிற்றிதழ்களும்

காவிரி டெல்டாவில் இன்று ஒரு சிற்றிதழ் தொடங்க நினைப்பவருக்கு அச்சகம் ஒரு தடையே இல்லை. ஒரு மடிக்கணினியும் பக்கம் கட்டத் தெரிந்த ஒரு நண்பரும் இருந்தால் போதும். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ திருச்சியிலோ நூறு பிரதி கேட்டாலும் அடித்துக் கொடுக்க ஆள் உண்டு. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வேதாரண்யத்தில் ஒருவர், லால்குடியில் இருவர், திருப்பூரில் நால்வர் என்று சிதறிக் கிடக்கும் வாசகர்களிடம் அந்த இருநூறு முந்நூறு பிரதிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது, யார் சேர்ப்பது?

இந்தக் கேள்வியைத் தொடாமல், "படிக்கிறவங்க குறைஞ்சுட்டாங்க" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிற்றிதழ்களுக்கு எந்தக் காலத்திலும் ஆயிரக்கணக்கில் வாசகர்கள் இருந்ததில்லை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா சென்னையிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கியபோதே, அதிகம் போனால் 2000 பிரதிதான், கடைகளில் கிடைக்காது, சந்தாதாரருக்கு மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார். உண்மையில் போனது சில நூறு பிரதிகள். அந்தச் சில நூறு பிரதிகளை வைத்துக்கொண்டுதான் 1970 வரை 119 இதழ்கள் வந்தன. தமிழில் புதுக்கவிதை வேர் பிடித்ததும் அந்தப் பக்கங்களில்தான். அதற்கு முன்னால் நின்று வழிகாட்டிய ந. பிச்சமூர்த்தி கும்பகோணத்துக்காரர்.

இந்த மண்ணில் அச்சு வேலைக்கு இன்னும் பழைய கதை இருக்கிறது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த கிறித்தவ மதப் பணியாளர் சீகன்பால்குவும் அவருடைய கூட்டாளிகளும் சில ஆண்டுகளுக்குள் அச்சு இயந்திரத்தை வரவழைத்தார்கள். தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்து சேர்ந்தன. ஆனால் அவை அளவில் பெரியவை. அந்த எழுத்தில் கோத்தால் காகிதம் தாளாது என்று இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிக்குச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கி அந்த எழுத்துகளைச் செய்தார்கள் என்று அச்சு வரலாற்றில் சொல்வார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதப் பற்றாக்குறையைச் சமாளிக்கப் பக்கத்திலிருந்த பொறையாரில் காகிதப் பட்டறையும் வைத்துப் பார்த்தார்கள். பணம், காகிதம், எழுத்தின் அளவு என்று அவர்கள் அன்று போட்ட கணக்கு, இன்று 64 பக்கத்துக்குள் எல்லாக் கதைகளையும் அடக்க எழுத்தை அரைப் புள்ளி குறைக்கும் ஆசிரியருக்கு அந்நியமானதல்ல.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1933இல் சென்னையில் தொடங்கிய 'மணிக்கொடி'யை உருவாக்கியவர்களில் ஒருவரான வ.ரா. தஞ்சை மாவட்டத்துத் திங்களூர்க்காரர். அதில் எழுதியவர்களில் கு.ப. ராஜகோபாலன், பிச்சமூர்த்தி, மௌனி எல்லோரும் இந்தப் பக்கத்தவர்கள். எழுதுகிறவர்கள் டெல்டாவில், இதழ்கள் சென்னையில் என்ற ஏற்பாடு அப்போதே வந்துவிட்டது. ஆனாலும் இங்கிருந்தே கொண்டுவர வேண்டும் என்று முயன்றவர்களும் இருந்தார்கள். துறையூரிலிருந்து வந்த 'கிராம ஊழிய'னின் ஆசிரியர் பொறுப்பில் கு.ப.ரா. தன் கடைசிக் காலத்தில், 1943-44இல், இருந்தார். தி. ஜானகிராமனின் முதல் நாவல் அந்த இதழில்தான் தொடராக வந்தது. துறையூர் அன்றைக்கு எவ்வளவு சின்ன ஊர் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். கும்பகோணத்தில் எம்.வி. வெங்கட்ராம் 1948இல் 'தேனீ' மாத இதழை நடத்தினார். கரிச்சான் குஞ்சு துணை நின்றார். வெங்கட்ராமுக்கு ஜரிகை வியாபாரம் இருந்தது. அந்த வருமானம்தான் இதழுக்கு முதலீடு. இதழ் நெடுநாள் தாங்கவில்லை. அரசியல் பக்கம் பார்த்தால், திருவாரூரில் மு. கருணாநிதி 1942இல் துண்டறிக்கையாக ஆரம்பித்த 'முரசொலி', 1948இல் வார இதழாகி, 1954இல் சென்னைக்குப் போனது. பின்னாளில் தஞ்சை ப்ரகாஷ் 'பாலம்', 'வெ.சா.எ' போன்ற இதழ்களைக் கொண்டுவந்தார். சுகன் தஞ்சாவூரிலிருந்து 'சௌந்தர சுக'னைப் பல்லாண்டுகள் விடாமல் நடத்தினார். திருச்சியிலிருந்து 2007இல் 'உயிர் எழுத்து' வந்தது.

இந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று. சிற்றிதழ்களைத் தாங்கியது விற்பனை இல்லை. ஆசிரியரின் வேறொரு வருமானம்தான் அவற்றைத் தாங்கியது. வெங்கட்ராமுக்கு ஜரிகை என்றால், 1970களுக்குப் பிறகு வந்த தலைமுறைக்கு மாதச் சம்பளம். கல்லூரி ஆசிரியர், வங்கி ஊழியர், எல்ஐசி ஊழியர், தபால்காரர், தொலைபேசித் துறை ஊழியர், பள்ளி ஆசிரியர் என்று தமிழ்ச் சிற்றிதழ்களின் பின்னட்டைகளைப் புரட்டினால் இந்த வேலைகள்தான் திரும்பத் திரும்ப வரும். மாதம் பிறந்தால் சம்பளம் வரும், சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்கு வீடு திரும்பலாம், தொழிற்சங்க நண்பர்கள் பத்துப் பேர் சந்தா கொடுப்பார்கள், மாற்றலாகிப் போகும் ஊரிலெல்லாம் புது வாசகர் கிடைப்பார், ஓய்வு பெற்றால் பென்ஷன். இதழின் உண்மையான புரவலர் இந்த நிலையான வேலைதான். யாரும் அதைக் கணக்கில் எழுதி வைத்ததில்லை, அவ்வளவுதான்.

இன்று இருபத்தெட்டு வயதில் இலக்கிய வெறியோடு இருக்கும் ஒரு மன்னார்குடிப் பையனுக்கோ சீர்காழிப் பெண்ணுக்கோ அந்த வேலை கிடைப்பதில்லை. ஒப்பந்தத்தில் கௌரவ விரிவுரையாளர் வேலை, அல்லது சென்னையிலோ பெங்களூரிலோ இரவு ஷிப்ட். ஊரைவிட்டுப் போனவர் இதழை வேண்டுமானால் அங்கிருந்தும் நடத்தலாம். ஆனால் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு பாபநாசம், திருவையாறு, வலங்கைமான் என்று சைக்கிளிலும் பஸ்ஸிலும் சுற்றிய அந்த உழைப்பை யார் செய்வது? வாசிப்பு குறைந்தது என்பதைவிட, வாசகரைத் தேடிப் போக நேரமுள்ள ஆட்கள் குறைந்தார்கள் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 64 பக்கக் காலாண்டிதழ், 300 பிரதி, விலை 60 ரூபாய். அச்சும் பைண்டிங்கும் சேர்த்துப் பிரதிக்கு 45 ரூபாய் ஆனால் 13,500 ரூபாய். சந்தாதாரர் 150 பேர் என்றால் 9,000 ரூபாய் வரும். கடைகளுக்கு 100 பிரதி போகும். கடைக்காரர் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழிவாக எடுத்துக்கொள்வார். எல்லாம் விற்று, பணமும் ஒழுங்காகத் திரும்பி வந்தால் 4,000 ரூபாய். எழுதியவர்களுக்கும் மதிப்புரைக்கும் 50 பிரதி இலவசம். சந்தாப் பிரதியும் இலவசப் பிரதியுமாக 200 உறையைத் தபாலில் போட, ஒன்றுக்கு 15 ரூபாய் என்று வைத்தாலும் 3,000 ரூபாய். ஆக வரவு 13,000, செலவு 16,500. எழுதியவருக்கும் படம் போட்டவருக்கும் ஒரு ரூபாய்கூடத் தராமலேயே இதழுக்கு 3,500 ரூபாய் துண்டு விழுகிறது. ஆண்டுக்கு 14,000. எந்த எண்ணையும் நீங்கள் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கடைக்குப் போன பிரதிகளின் பணம் பாதிதான் திரும்பும் என்று போட்டால் துண்டு இன்னும் பெரிதாகும்.

பிரதி எண்ணிக்கையைக் கூட்டினால் விலை குறையாதா? ஆஃப்செட்டில் குறையும். பிளேட் போடும் செலவும் மிஷினைத் தயார் செய்யும் செலவும் 300 பிரதிக்கும் ஒன்றுதான், 1000 பிரதிக்கும் ஒன்றுதான். ஆனால் 1000 அடித்து 700 பிரதியைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்வதில் என்ன லாபம்? டிஜிட்டல் அச்சு இந்த இடத்தில் பெரிய உதவி செய்திருக்கிறது. வேண்டிய அளவு மட்டும் அடிக்கலாம். பிரதிக்கு ஆகும் விலை கூடுதல்தான் என்றாலும் தேங்கிப் போவதில்லை. டெல்டா ஊர்களின் சின்ன ஆஃப்செட் அச்சகங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அவற்றின் பிழைப்பு கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் நோட்டீஸிலும் இருக்கிறது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் அங்கே போய் இதழ் வேலை என்று நின்றால், "முகூர்த்தம் முடியட்டும் சார்" என்பார்கள். ஆடியும் மார்கழியும்தான் சிற்றிதழ்களுக்கு உகந்த மாதங்கள்.

காகிதம் தனிக்கதை. கரூர் மாவட்டத்துப் புகளூரில், காவிரிக் கரையிலேயே, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் அரசு ஆலை 1980களிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆலை பக்கத்தில் இருக்கிறது என்பதால் ரீம் விலை நமக்குக் குறைந்துவிடுவதில்லை. 2025 செப்டம்பரில் அச்சுக் காகிதத்தின் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. இதழ்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது நல்ல செய்திதான். ஆனால் விற்கும் பொருளுக்கு வரி இல்லாதபோது, வாங்கிய காகிதத்துக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அது முழுதும் பிரதியின் விலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆயுள் சந்தா பற்றி ஒரு வார்த்தை. முதல் இதழுக்குப் பணம் திரட்ட இதைவிட எளிய வழி இல்லை. ஐம்பது பேரிடம் ஆளுக்கு இரண்டாயிரம் வாங்கினால் ஒரு லட்சம். அந்தப் பணம் முதல் ஆண்டிலேயே கரைந்துவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு இதழுக்கும் அந்த ஐம்பது பேருக்குக் காசு வராமல் அச்சடித்து, காசு போட்டு அனுப்பவேண்டும். இதழ் நன்றாக வர வர இந்தச் சுமை நீள்கிறது. அன்போடு கொடுக்கப்படும் பணம்தான், ஆனாலும் ஓர் இதழ் நின்றுபோக இதைவிட உறுதியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. இரண்டாண்டுச் சந்தாவோடு நிறுத்திக்கொள்வது ஆசிரியருக்கும் நல்லது, வாசகருக்கும் நல்லது.

இனி தபால். என் பார்வையில் விஷயத்தின் மையமே இதுதான். பதிவு பெற்ற பத்திரிகைகளுக்குத் தபாலில் பெரிய சலுகை உண்டு. பல்லாண்டுகளாக இருந்துவரும் கட்டணம் 50 கிராம் வரை 25 காசு, 100 கிராம் வரை 50 காசு. மேலே சொன்ன 64 பக்க இதழ் 100 கிராமுக்குள் அடங்கிவிடும். அப்படியானால் 3,000 ரூபாய் ஆகிற இடத்தில் 100 ரூபாய் போதும். ஆனால் இந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. இதழுக்கு அரசுப் பதிவு இருக்கவேண்டும், குறைந்தது 50 சந்தாதாரர் இருக்கவேண்டும், குறித்த தேதியில் குறித்த அஞ்சலகத்தில் போடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் இதழ் வரவேண்டும். அதாவது வார இதழுக்கு உண்டு, மாத இதழுக்கு உண்டு, காலாண்டிதழுக்கு இல்லை. ஓய்வு நேரத்தில் இதழ் நடத்தும் ஒருவரால் ஆண்டுக்கு நான்கு இதழ் கொண்டுவருவதே பெரும் பாடு. அப்படிப்பட்டவருக்குத்தான் முழுக் கட்டணம்.

பதிவு செய்வது முன்பைவிட எளிதாகியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலைப்பு கேட்பதும் பதிவு கேட்பதும் இணையத்திலேயே முடிகிறது. மாவட்ட அதிகாரி முன் போய் உறுதிமொழி கொடுக்கும் பழைய வேலை போய்விட்டது. இருந்தாலும் ஆண்டறிக்கை, முறையான கணக்கு என்று வரும்போது பலர் தயங்கி, அட்டையில் "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் தபால் சலுகை இல்லை, அரசு நூலகங்களுக்குள் போவதும் கடினம். சென்னை கன்னிமாரா நூலகம் நாட்டின் நான்கு வைப்பு நூலகங்களில் ஒன்று. சட்டப்படி ஒரு பிரதி அங்கே போகவேண்டும். தனிச்சுற்று இதழ்கள் பெரும்பாலும் அங்கும் போவதில்லை. இதழ் நின்றபின் அது வந்ததற்கான தடயமே இல்லாமல் போவது இப்படித்தான்.

காலாண்டிதழ்களுக்கு இருந்த மாற்று வழிகளும் ஒவ்வொன்றாகக் குறுகின. புத்தகங்களைக் குறைந்த செலவில் பதிவுத் தபாலில் அனுப்பும் வசதியை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. பதிவுத் தபாலே 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. இடையில் 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்று ஒரு புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய். பதிப்பாளர்கள் மூச்சுவிட்டார்கள். ஆனால் அதன் விதியில் பருவ இதழ்களுக்கும் விளம்பரம் தாங்கிய வெளியீடுகளுக்கும் இடமில்லை என்று எழுதியிருக்கிறது. ஆக ஒரு காலாண்டிதழ் பத்திரிகைச் சலுகைக்கும் பொருந்தாது, புத்தகச் சலுகைக்கும் பொருந்தாது. சிலர் இதழையே தடித்த புத்தகமாக்கி, ஐஎஸ்பிஎன் என்னும் புத்தக அடையாள எண் வாங்கி, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ கொண்டுவருவதற்கு அழகியல் காரணங்களோடு இந்தக் காரணமும் உண்டு.

இவ்வளவு இடரிருந்தும் ஏன் விடாமல் அச்சிடுகிறார்கள்? இணையத்தில் செலவே இல்லையே? இணைய இதழ்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 'சொல்வனம்' 2009 முதல் வந்துகொண்டிருக்கிறது. 'கனலி', 'அரூ' போன்றவை புதிய எழுத்தாளர்களைக் கொண்டுவந்திருக்கின்றன. கனடாவில் இருப்பவரும் முத்துப்பேட்டையில் இருப்பவரும் ஒரே நாளில் அவற்றைப் படிக்கிறார்கள். அச்சால் இது முடியாது. ஆனால் அச்சிதழுக்கு ஒரு முடிவு இருக்கிறது. 64 பக்கம்தான். அதற்குள் எது வரவேண்டும், எது வரக்கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். ஒரு கவிதைக்குப் பக்கத்தில் எந்தக் கட்டுரை, எந்தக் கதைக்கு எந்தக் கோட்டோவியம் என்பதிலெல்லாம் ஒரு மனதின் வேலை தெரிகிறது. வாசகரும் அதை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறார், தனக்குப் பிடிக்காததையும் சேர்த்து. இணையத்தில் இணைப்பு வழியாக வருபவர் ஒரு கவிதையைப் படித்துவிட்டுப் போய்விடுகிறார். அதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

ஓவியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஆதிமூலம் சிற்றிதழ்களின் தலைப்பெழுத்துகளுக்கும் அட்டைகளுக்கும் கொடுத்த உருவம் தமிழ் எழுத்தைப் பார்க்கும் கண்ணையே மாற்றியது. கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த வீர சந்தானத்தின் கோடுகளை எத்தனையோ தமிழ் வெளியீடுகளில் பார்த்திருக்கிறோம். ஓவியரும் கவிஞரும் ஒரே ஊரில் டீக்கடையில் சந்தித்துக்கொள்ளும் வசதி இந்த டெல்டாவுக்கு இன்னும் இருக்கிறது. ஓர் அச்சிதழ் அந்தச் சந்திப்புக்குக் காரணமாகவும் இருக்கிறது, விளைவாகவும் இருக்கிறது.

இங்கிருந்தே ஓர் இதழ் வரவேண்டும் என்பதற்கு என்னிடம் இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நாளிதழ்கள் சில வாரங்கள் எழுதின. அப்புறம் வேறு செய்திக்குப் போய்விட்டன, அது அவற்றின் இயல்பு. விழுந்த தென்னைகளுக்குப் பின் அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின, யார் திருப்பூருக்குப் போனார்கள், யார் திரும்பினார்கள் என்பதெல்லாம் ஐந்து வருடம், பத்து வருடம் கூடவே இருந்து எழுதவேண்டியவை. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிய சட்டம் வந்தது. அதன் பிறகு ஒரு கிராமத்தில் மாறியது என்ன, மாறாதது என்ன என்று எழுத ஊரில் இருக்கும் ஒருவருக்குத்தான் பொறுமை இருக்கும். அப்படி எழுதப்பட்டதை ஊரிலேயே நாற்பது பேர் படித்து, "இந்தத் தேதி தப்பு தம்பி, அது மறு வருசம்" என்று கடிதம் போடும்போது அந்த எழுத்து சரியாகிறது. தெரிந்த முகவரிகளுக்குப் போகும் இதழில் பொய் எழுதுவது கடினம்.

பழைய இதழ்களைக் காப்பாற்றும் வேலை ஓரளவு நடந்திருக்கிறது. சென்னை ரோஜா முத்தையா நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவை பல அரிய இதழ்களைப் படியெடுத்து வைத்திருக்கின்றன. பொள்ளாச்சி நசன் சிற்றிதழ்களைத் தனி மனிதராகவே தேடிச் சேகரித்து இணையத்தில் ஏற்றினார். இறந்துபோன இதழ்களுக்குச் செய்த இந்த மரியாதையில் ஒரு பகுதியையாவது உயிரோடு இருக்கும் இதழ்களுக்குச் செய்யலாம்.

செய்யக்கூடியது என்ன? நன்கொடையும் விருதும் நல்லவைதான், ஆனால் அவை ஓர் ஆளை வாழ்த்திவிட்டுப் போய்விடும். நான் கேட்பது மூன்று சின்ன ஏற்பாடுகள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி மாவட்ட நூலகங்களும் அவற்றின் கிளைகளும் தங்கள் மாவட்டத்திலிருந்து வரும் பதிவு பெற்ற இதழ்களுக்கு நேரடியாகச் சந்தா கட்டலாம். சொத்து வரியோடு மக்களிடம் வாங்கும் நூலக வரி இதற்குத்தான் இருக்கிறது. நூறு கிளைகள் வாங்கினால் ஆஃப்செட்டில் பிரதிக்கு ஆகும் செலவு குறைந்து, மேலே சொன்ன துண்டும் கொஞ்சம் சுருங்கும். இரண்டாவது, டெல்டாவில் இப்போது இதழ் நடத்துகிறவர்கள் தனித்தனியாகக் கடைகளுக்கு அலைவதை விட்டுவிட்டு, ஒரே பொட்டலமாக ஒருவர் கொண்டுபோய்ப் போட்டு ஒருவர் வசூலித்து வரலாம். கொள்கை வேறுபாடு பாராமல் இதைச் செய்ய முடியுமா என்பது அவர்கள் கையில் இருக்கிறது. மூன்றாவது அஞ்சல் துறையிடம் கேட்கவேண்டியது. பத்திரிகைச் சலுகைக்கான 31 நாள் இடைவெளியைக் காலாண்டிதழ்களுக்கு 92 நாளாகத் தளர்த்துங்கள். அது முடியாதென்றால், விளம்பரம் வாங்காத இலக்கிய இதழ்களையாவது ஞான் போஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிப்பாளர் சங்கங்களும் எழுத்தாளர் அமைப்புகளும் டெல்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாக முதலில் எழுப்பவேண்டிய கோரிக்கை இது.